ஒரே ஓர் ஆணி

வாடகை ஒப்பந்தத்தின் மூன்றாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
உரக்க வாசித்துவிட்டு வீட்டுக்காரர் எவரிஸ்தோ
சுவரை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்,
மிரளும் குதிரையைத் தட்டுவதுபோல.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணி ஒன்று
கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது.
அதைச் சுற்றி
சிலுவை தொங்கிய இடம் மட்டும் வெளுக்காத நீலம்.
ஏற்கெனவே இருக்கும் ஆணியைப் பற்றி
மூன்றாவது வரிக்குக் கருத்தில்லை.

என் நகைகள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.
வெள்ளிச் சங்கிலி பாசிமாலையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்.
இரண்டையும் பிரித்துவிடப் போன செம்பு வளையம்
தானும் மாட்டிக்கொள்ளும்.
ஐந்தரை மணிப் பேருந்துக்கு
ஒற்றைக் கம்மலோடு எத்தனை நாள் ஓடியிருக்கிறேன்.
மீன் ஏலத்தில் கணக்கெழுதுகிறவளுக்குக்
காதில் என்ன அலங்காரம் என்பான் ரிக்கெல்மே.
விலையெல்லாம் முதலில் என் காதில்தானே விழுகிறது,
அந்த இடம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்.

ஞாயிறு, வால்பரைசோ மலை இறங்கிச் சந்தைக்குப் போனேன்.
கண்ணாடி போன ஒரு படச்சட்டம்.
இரண்டாயிரம் பெசோ, என்றாள்.
கண்ணாடி எங்கே?
இருந்தால் நாலாயிரம்.
இல்லாததற்கு எதற்கு இரண்டாயிரம்?
இனி உடையாதே, அதற்கு.
பேரம் அங்கேயே முடிந்தது.

காம்பு முறிந்த சருகுவாரி எழுநூறு.
பதினான்கு பல்லில் ஒன்று விழுந்திருந்தது.
எந்த வீட்டு அலமாரியையோ திறந்து மூடிய
பீங்கான் குமிழ்கள் மூன்று, ஆயிரம்.
கிழிந்த வலையில் ஒரு முழம்
ரிக்கெல்மே சும்மா கொடுத்தான்.
சும்மா வந்ததுதான் அதிக வேலை வைத்தது:
எலுமிச்சை, சோப்புத்தூள்,
மறுபடி எலுமிச்சை, மூன்று நாள் மாடி வெயில்.
இன்றும் கடல்மூட்டம் ஏறிவரும் காலைகளில்
என் முத்துக் கம்மல் லேசாகக் கெளுத்தி மணக்கும்.

சட்டத்தில் வலையை இழுத்துக் கட்டினேன், கம்மலுக்கு.
வாரியைப் பல் கீழே வரும்படி முடுக்கினேன், சங்கிலிக்கு.
குமிழில் வளையல்கள்.
எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தால்
பதின்மூன்று பல்லுக்கு நான்கு சங்கிலி.
டப்பாவில் இருந்தவரை
நான் பணக்காரி.

வியாழன் பின்னிரவு.
இந்த ஊரில் பூமி அசைந்தால் யாரும் உடனே எழுவதில்லை,
இன்னும் எவ்வளவு என்று
கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார்கள்.
முதலில் சங்கிலிகள் பேசின, கிசுகிசுவென்று.
பிறகு கம்மல்கள்.
ஆணி முனகியது.
கடைசியில் செம்பு வளையம் சட்டத்தில் மோதி
டங் என்றது, ஒரே ஒருமுறை.
அதோடு சரி.

காலையில் படிக்கட்டில் கீழ்வீட்டு ஓசியேல்:
உன் வீட்டில் என்ன, பூசை மணியா?
வானொலி சொல்வதற்கு முன்னால் எழுப்பிவிட்டது.
அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஓர் அளவுகோல்.
சங்கிலி மட்டும் என்றால் புரண்டு படுக்கலாம்.
கம்மலும் சேர்ந்தால் செருப்பைத் தேடு.
வளையம் இரண்டுமுறை அடித்தால்
படிக்கட்டில் சந்திப்போம்.

மாத முதல் தேதி எவரிஸ்தோ வந்தார்,
பார்த்தார்.
மூன்றாவது வரி, என்றார்.
பழைய ஆணி, என்றேன்.
விரலால் சட்டத்தைச் சுண்டிவிட்டு
அது அடங்கும்வரை நின்று கேட்டார்.
வாடகையை எண்ண மறந்து போய்விட்டார்,
இருநூறு குறைவாக இருந்தது,
அடுத்த மாதம் கொடுத்தேன்.

காலியாக இருந்த பல் ஒன்றில் இப்போது வாசல் சாவி.
ஓசியேல் ஒருநாள் கேட்டான்:
ஓட நேர்ந்தால் எதை எடுப்பாய்?
சாவியை.
நகை?
அது அங்கேயே ஆடட்டும்.
எப்போது நின்றது என்று
உள்ளே யாராவது கவனிக்க வேண்டாமா.